உப்பளத்தில் பிறந்தவன் உப்பில் புதைந்த கதை

சென்ற செப்டம்பர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கத்தாரின் வடமேற்குக் கரையில் இருக்கும் அல் ஜுபாரா என்ற பாழடைந்த துறைமுக ஊரைப் பார்க்கப் போனேன். 1,720 ரியாலை இழந்தேன், மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்தேன், ஊரையும் பார்க்கவில்லை. நம் ஊர்ப் பணத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய். வீட்டில் இதுவரை முழுத் தொகையைச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குக் காரணம், அந்த ஊரைப் பார்க்க ஆசைப்படும் நம்மவர்கள் நிறையப் பேர் என்னைப் போலவே வெள்ளிக்கிழமை ஒன்றுதான் விடுமுறையாகக் கிடைப்பவர்கள், சொந்தக் கார் இல்லாதவர்கள், பாலைவனம் என்றால் மணல் மேடு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள். புறப்படுவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும், இவ்வளவும் நடந்திருக்காது.

எனக்கு ஏன் அந்த ஊர்மீது அப்படியொரு ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஊர் தூத்துக்குடிக்குப் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். தாத்தா, முத்துக்குளிப்பு நடந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது, மேலே இருப்பவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது, கரையில் சிப்பிக் குவியலுக்கு ஏலம் போவது என்று இரவெல்லாம் கதை சொல்லுவார். அல் ஜுபாராவும் முத்தால் எழுந்த ஊர். 1760களில் குவைத்திலிருந்து வந்த உத்தூப் என்ற அரபுக் குலத்துக் குடும்பங்களும் வணிகர்களும் அங்கே தங்கி, கடலை ஒட்டி வளைந்த மதில் எழுப்பி, சில பத்தாண்டுகளில் அதை வளைகுடாவின் பெரிய முத்துச் சந்தைகளில் ஒன்றாக ஆக்கினார்கள். முத்து சூரத்துக்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்கும் போனது. அரிசியும் துணியும் கப்பல் கட்டத் தேக்கும் இந்தியாவிலிருந்து வந்தன. அங்கேயும் காலில் கல், இடுப்பில் கயிறு, மூக்கில் ஓர் இடுக்கி. மேலே கயிறு பிடிப்பவனுக்குத் தனிப் பெயர், தனிப் பங்கு. மன்னார் வளைகுடாவில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. 1811-இல் மஸ்கட்டின் ஆட்சியாளர் படை ஊரை எரித்தது. பிறகு சிறிய அளவில் மறுபடி குடியேறினார்கள், பழைய செல்வாக்கு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் முற்றிலும் காலியானது. மணல் மூடியது. 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்பது ஆண்டுகளாகக் கத்தாரில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்துகொண்டு, இதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் தாத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தோன்றிவிட்டது.

முதல் தவறு, கூட வர யாரும் இல்லாதபோதும் கிளம்பியது. அறையில் இருந்த மூவருக்கும் கல்லும் மண்ணும் பார்க்க ஆர்வமில்லை. தனியாகப் போனால் என்ன, நல்ல நெடுஞ்சாலைதானே, ஒன்றேகால் மணி நேரம்தானே என்று நினைத்தேன். இடிபாடு வரைக்கும் பஸ்ஸில் போய் இறங்க வழியில்லை. டாக்சி பிடித்தால் போகும்போது கிடைத்துவிடும், திரும்ப அங்கே டாக்சி வராது. இதை மட்டும் சரியாக யோசித்திருந்தேன். அதனால் ஒரு சிறிய நிறுவனத்தில் இரண்டு நாளுக்கு 220 ரியால் வாடகையில் சின்னக் கார் ஒன்றை எடுத்தேன். முன்பணம் 1,000 ரியால். கையெழுத்துப் போட்ட தாளில் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல நாற்பது வரிகள். படிக்கவில்லை. இஸ்திமாரா என்னும் வண்டிப் பதிவு அட்டை இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாற்பது வரிகளில் “தார்ச்சாலையை விட்டு இறங்கினால்” என்று ஆரம்பிக்கும் வரி எங்கே என்று கேளுங்கள். கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காரை நான்கு பக்கமும், முக்கியமாகக் குனிந்து அடிப்பக்கத்தையும், அவர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட், தொப்பி. இதுதான் என் சாமான். செப்டம்பர் கடைசியில் வெயில் குறைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். ஜூலையோடு ஒப்பிட்டால் குறைந்துதான் இருந்தது, 39 டிகிரி. ஆனால் கடலோரத்து ஈரப்பதம் இருக்கிறதே, அது வேறு கணக்கு. காரை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி ஆவியால் மூடிப்போகிறது, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது, வேர்வை காயவே மாட்டேன் என்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். மற்ற மாதங்களில் போயே தீருவேன் என்றால், ஆளுக்கு ஆறு லிட்டராவது காரில் இருக்கட்டும். மீதமானால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், தண்ணீர் ஒன்றும் கெட்டுப்போகாது.

எட்டேகாலுக்குத் தோஹாவை விட்டேன். வடக்கே போகும் ஷமால் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் பிரிந்து போனால் பழுப்பு நிறப் பலகைகள் வழி காட்டுகின்றன. பத்து மணிக்கு முன்பே கோட்டை தெரிந்தது. தட்டைத் தரையில் தனியாக, சதுரமாக, மூன்று உருண்டைக் கோபுரமும் ஒரு சதுரக் கோபுரமுமாக நிற்கிறது. பலரும் இதைத்தான் அல் ஜுபாரா என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இது 1938-இல் கடலோரக் காவலுக்காகக் கட்டிய கோட்டை. என் தாத்தா இதைவிட ஏழு வயது மூத்தவர். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் இதில் படைவீரர்கள் இருந்தார்கள். உண்மையான ஊர் இதற்கு மேற்கே, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலை ஒட்டி இருக்கிறது. நான் போன நேரத்தில் கோட்டை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகைக்குப் பிறகுதான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டியது நான்தான். நேரங்கள் பருவத்துக்குத் தகுந்தாற்போல் மாறக்கூடும், அதனால் புறப்படும் வாரத்தில் விசாரித்துக்கொள்வதுதான் சரி.

திறக்கும்வரை பக்கத்து ஊருக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். எனக்குப் பொறுமை போதவில்லை. வேலியிட்ட பகுதிக்கு வடக்கே ஃபுரைஹா என்ற இன்னொரு பழைய குடியிருப்பு இருப்பதாக வரைபடத்தில் பார்த்திருந்தேன். அதன் பக்கமாகக் கடற்கரைக்குப் போனால் ஊரின் மதிலைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று நினைத்தேன். தார்ச்சாலையிலிருந்து ஒரு மண்தடம் பிரிந்தது. அதில் வண்டிகள் போன சுவடு தெளிவாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. அந்தச் சுவடுகள் அகலமான டயர் போட்ட பெரிய வண்டிகளுடையவை. பெரிய வண்டி போன இடத்தில் சின்னக் கார் போகும் என்று அர்த்தமில்லை என்பது பிற்பாடு புரிந்தது. கொஞ்ச தூரம் நன்றாகப் போனேன். தரை கெட்டியாக, வெளிறிய பழுப்பாக இருந்தது. பிறகு கொஞ்சம் வெள்ளையானது. அப்புறம் டயருக்குக் கீழே அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். முன்பக்கம் மெதுவாக, யாரோ கையைப் பிடித்துக் கீழே இழுத்தது போல, இறங்கியது.

அதை அரபியில் சப்கா என்கிறார்கள். மேலே உப்பு பூத்துக் காய்ந்த ஏடு. அதன் கீழே உப்புத் தண்ணீர் ஊறிய சேறு. கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் நிலத்தடி உப்புநீர் மேலே ஏறி வந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் மேலே விட்டுவிட்டுப் போகிறது. இதையெல்லாம் பத்து வயதில் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பாத்தி காய்ந்தது போலத் தெரியும்போது கால் வைத்தால் முழங்கால் வரை போகும் என்று அப்பா எத்தனை முறை அதட்டியிருக்கிறார்! ஆனால் ஊரில் அதற்கு உப்பளம் என்று பெயர், இங்கே பாலைவனம் என்று பெயர். பெயர் மாறியதும் எனக்குப் புத்தி மாறிவிட்டது. பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியது. நாலே மிதியில் முன் அச்சு வரைக்கும் சேற்றில் இருந்தது. இதை மட்டும் செய்யாதீர்கள். சக்கரம் ஒரு முறை நழுவியதும் நிறுத்திவிட்டு இறங்குங்கள். அந்த நிலையில் பின்னால் தள்ளினாலே வந்துவிட வாய்ப்புண்டு. மிதிக்க மிதிக்க அந்த வாய்ப்பு போய்விடும். காலடி விரிப்புகளை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். இரண்டையும் சேறு விழுங்கிவிட்டது. டயரில் காற்றை இறக்கினேன்; மணலில் அது பலன் தரும், புதைந்த சேற்றில் தரவில்லை. கையாலேயே அரை மணி நேரம் தோண்டினேன். தோண்டிய குழியில் தண்ணீர் ஊறியது. விரலிடுக்கில் இருந்த சின்னக் கீறல்களில் உப்பு ஏறி எரிந்த எரிச்சலில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுதேன் என்றே எழுதலாம், யார் பார்த்தார்கள்.

போனை எடுத்தபோதுதான் அடுத்த வேடிக்கை. “பஹ்ரைனுக்கு வரவேற்கிறோம்” என்று செய்தி வந்திருந்தது. அந்தக் கரையிலிருந்து கடலைத் தாண்டினால் பஹ்ரைன்தான். என் போன், கத்தார் சிக்னலை விட்டுவிட்டு அங்கிருந்து வந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் சிம்மில் வெளிநாட்டுச் சேவை கிடையாது. அழைப்பும் போகவில்லை, இணையமும் இல்லை. 999-ஐ அழைக்கலாமா என்று யோசித்தேன். கத்தாரிலும் அவசர எண் 999, பஹ்ரைனிலும் 999. எந்த நாட்டுக் காவலர் எடுப்பார், நான் எந்த நாட்டுச் சேற்றில் இருக்கிறேன் என்று சொல்வது? 1783-இல் அல் ஜுபாராவிலிருந்து புறப்பட்ட ஆல் கலீஃபா குடும்பம்தான் பஹ்ரைனைப் பிடித்து, இன்றுவரை அங்கே ஆள்கிறது. பெரிய வணிகர்கள் பலரும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து என் சிம் கார்டும் அவர்கள் பின்னாலேயே போயிருந்தது. இதற்குத் தீர்வு ரொம்ப எளிது: போனின் அமைப்பில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, கத்தார் நிறுவனத்தின் பெயரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தோஹாவில் இருக்கும்போதே செய்து பழகிக்கொள்ளுங்கள். நான் வெயிலில் கண்ணாடித் திரை தெரியாமல் இருபது நிமிடம் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். கிழக்கே இருநூறு அடி நடந்ததும் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது.

ஊர்க்காரத் தம்பி ஒருவனை அழைத்தேன். “அண்ணாச்சி, அங்கே எதற்குத் தனியாகப் போனீர்கள்?” என்றான். பிறகு கேட்கிறேன், இப்போது இழுவை வண்டி பிடி என்றேன். இருக்கும் இடத்தை வரைபடக் குறியாக அனுப்பினேன். அவன் கெட்டிக்காரன், அதிலுள்ள எண்களைத் தனியாக எழுதியும் அனுப்பச் சொன்னான். இணையம் விட்டு விட்டு வரும் இடத்தில் குறி திறக்காது, எண்கள் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேரும். அன்றைக்கு நான் கற்ற உருப்படியான பாடங்களில் இது ஒன்று. மணி பதினொன்றே கால். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். இழுவை வண்டிக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை என்று சொன்னான்.

அதற்குப் பிறகான ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. காரில் உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டேன். போடுவதற்கு முன் பின்னால் போய்ச் சைலன்சர் குழாய் சேற்றில் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தால் நச்சுப் புகை உள்ளே வந்துவிடும் என்று எங்கள் கிடங்கின் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் நான் தூங்காத ஐந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் கால் டேங்க் இருந்ததால் பத்து நிமிடம் ஓட்டுவது, பதினைந்து நிமிடம் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் அரை பாட்டில் மிச்சம். தோண்டும்போது குடித்தே தீர்த்திருந்தேன். ஒரு கட்டத்தில் தலைவலி மண்டையைப் பிளந்தது, அந்த வெயிலிலும் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அது குளிர் இல்லை, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். அந்த நிலையில் நடந்து போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வரும். கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது, இதோ பக்கம்தான் என்று தோன்றும். தட்டைத் தரையில் தூரம் பொய் சொல்லும். காரை விட்டுப் போகாதீர்கள். தேடி வருபவர்கள் கண்ணில் மனிதன் படுவதற்கு முன் கார்தான் படும்.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஊரின் மதிலுக்குள் நல்ல தண்ணீர் கிடையாது என்று படித்திருந்தேன். முத்து இருந்தது, சீனப் பீங்கான் இருந்தது, நூறு மீட்டருக்கு மேல் நீளமான மாளிகை இருந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே முரைர் என்ற இடத்துக் கிணறுகளிலிருந்து வர வேண்டும். அந்தக் கிணறுகளைக் காப்பதற்கென்றே அங்கே ஒரு சின்னக் கோட்டை கட்டி, அங்கிருந்து ஊர்வரை இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். படித்தபோது அது ஒரு தகவல். அரை பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோது, பானையைச் சுமந்து அந்த இரண்டு சுவருக்கு நடுவே ஆகஸ்ட் மாதத்தில் நடந்தவளின் முகம் தெரிந்தது. ஆண்களில் பாதிப் பேர் அந்த மாதத்தில் கடலில் இருந்திருப்பார்கள்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய பிக்கப் தார்ச்சாலையில் நின்றது. ஓட்டியவர் அதைச் சேற்றுக்குள் கொண்டுவரவில்லை, இறங்கி நடந்தே வந்தார். ஒட்டகம் மேய்க்கும் சூடான்காரர், அறுபது வயது இருக்கும். முதலில் காரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் ஒரு கேன் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்து, முதலில் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றிவிட்டு, பிறகு சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். என் உடைந்த அரபியில் நன்றி சொன்னேன். அவர் “சப்கா, சப்கா” என்று தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஒரு பாடம் நடத்தினார். குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார்: ஏடு உடைந்து கருஞ்சேறு தெரிந்தது. பத்தடி தள்ளி, முள்செடி இருந்த இடத்தில் மிதித்தார்: ‘தொம்’ என்று கெட்டியான சத்தம். செடி இருக்கும் தரை தாங்கும், செடியே இல்லாமல் வெளுத்துப் பளபளக்கும் தரை தாங்காது. இவ்வளவுதான் அவருடைய படிப்பு. ஒன்பது ஆண்டுகளில் எனக்கு யாரும் சொல்லித்தராதது. அவர் கூடாரத்தில் கிடந்த ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தோம், முடியவில்லை. கம்பளம் கிழிந்ததுதான் மிச்சம். நூறு ரியால் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். இழுவை வண்டி வரும்வரை என்னைத் தன் பிக்கப் நிழலில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்திருந்தார். பேச இருவருக்கும் மொழி போதவில்லை. அவருடைய ஒட்டகங்களில் ஒன்று வந்து என் தொப்பியை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

இழுவை வண்டி மூன்றரைக்கு வந்தது. தொலைபேசியில் 350 என்று சொன்னவர், சப்காவைப் பார்த்ததும் 600 என்றார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை, அது அவருக்கும் தெரிந்தது. அவர் தார்ச்சாலையிலேயே நின்றுகொண்டு, கயிற்றின்மேல் கயிறு முடிந்து, நீளம் போதாமல் இன்னொருவரிடம் கடன் வாங்கி, ஒரு மணி நேரத்தில் இழுத்துப் போட்டார். தம்பியிடம் ஒன்று சொல்ல மறந்திருந்தேன், நீங்கள் மறக்காதீர்கள்: வண்டி சாலையிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே இருக்கிறது என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிட்டு விலை பேசுங்கள். என் கார் வெளியே வந்தபோது அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தட்டு கிழிந்து தொங்கியது. கோட்டை திறந்திருந்தது. ஒரு குடும்பம் உள்ளே போய்க்கொண்டிருந்தது, குழந்தை கையில் ஐஸ்கிரீம். எனக்கு உள்ளே போகும் தெம்பு இல்லை.

கார் வாடகைக்காரர் முன்பணத்தில் 900 ரியாலைப் பிடித்துக்கொண்டார். கிழிந்த தட்டு ஒன்று; உப்புச் சேறு போகக் கழுவுவது ஒன்று; பம்பரில் இருந்த பழைய கீறல் ஒன்று. கடைசியாகச் சொன்னது நான் எடுப்பதற்கு முன்பே இருந்தது. ஆனால் படம் எடுத்து வைக்காதவன் பேச்சு எடுபடுமா? தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்ற வரியை, எறும்புகளுக்கு நடுவே, விரல் வைத்துக் காட்டினார். அது அவர் உரிமை. கீறல் மட்டும் அநியாயம். உப்புத் தண்ணீர் பட்ட காரை அன்றே அடிப்பக்கம் கழுவிவிட வேண்டுமாம், இல்லையென்றால் இரும்பு அரிக்கத் தொடங்கிவிடும். உப்பளத்து லாரிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதையும் அவர்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஜனவரியில் மறுபடி போனேன். இம்முறை நான்கு பேர், அந்தத் தம்பியும் சேர்த்து. அறையில் இருந்த இருவர் என் கதையைக் கேட்டபிறகு, அந்தச் சேற்றைப் பார்க்கவே வருகிறோம் என்று வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கோட்டைக்குள் போய்க் காட்சிப் பொருள்களைப் பார்த்து, ஊருக்கு எந்த வழி, எதுவரை போகலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சாலையை விட்டு ஒரு முழம்கூட இறங்காமல் போனோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோட்டையைப் பார்க்காமல் இடிபாட்டுக்குப் போனால் முழங்கால் உயரச் சுவர்கள் மட்டும்தான் தெரியும், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். உண்மையைச் சொன்னால், அங்கே நிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லை. மகாபலிபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சுமார் 60 ஹெக்டேர் பரப்பு, அதில் மிகச் சிறிய பகுதியைத்தான் தோண்டியிருக்கிறார்கள். மீதியெல்லாம் மணல் மேடாகவே கிடக்கிறது. வெளி மதில் இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், அதில் அரைவட்டக் கோபுரங்கள் 22. 1811-க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் உள்ளே இன்னொரு சிறிய மதில் கட்டிக்கொண்டார்கள். பெரிய சட்டைக்குள் சின்னச் சட்டை போட்டது போல, ஊர் சுருங்கியது அதில் அப்படியே தெரிகிறது.

குனிந்து பார்க்கத்தான் விஷயம் இருக்கிறது. அறைகள் எல்லாமே நீளமாக, அகலம் குறைவாக இருக்கின்றன. கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அலையாத்திக் கம்பங்களைப் போட்டார்கள், கம்பத்தின் நீளம்தான் அறையின் அகலம். சுவர் சுண்ணாம்புப் பாறைத் துண்டும் மண் சாந்தும், மேலே ஜிப்சம் பூச்சு. உப்புக் காற்று அதைத் தின்றுகொண்டே இருப்பதால் பராமரிப்பவர்கள் திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். அதனால்தான் சுவர்மேல் ஏறாதீர்கள், உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள் என்கிறார்கள். ஓடு, பீங்கான் துண்டு எதையும் பொறுக்கவும் கூடாது. செப்டம்பரில் நான் ஓட்டிய தடத்துக்கு அடியில் யார் வீட்டு அடுப்பு இருந்ததோ என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தது பேரீச்சம்பழப் பாகு எடுக்கும் அறை. மத்பசா என்கிறார்கள். தரை முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக வரிகள், எல்லாம் ஒரு மூலைக்குச் சரிகின்றன. பழ மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், தன் பாரத்திலும் வெப்பத்திலும் பழம் கசிந்து, பாகு வரிகளில் ஓடி, மூலையில் புதைத்த சாடியில் இறங்கும். பார்த்ததும் தம்பி, “அண்ணாச்சி, உடன்குடியில் கருப்பட்டிக்கு இந்த வசதி கிடையாது, அடுப்பு வேண்டும்” என்றான். இங்கே அடுப்பே வேண்டியதில்லை. நான் ஒன்றரை மணி நேரம் உள்ளே கிடந்து வெந்த அந்த வெயிலையே அவர்கள் அடுப்பாக வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் சுவர்ப் பூச்சில் யாரோ கீறி வைத்த பாய்மரக் கப்பல் ஒன்றும் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தேன். கயிறு, பாய்மரம் எல்லாம் தெரிந்தவன் கை.

திரும்பும் வழியில் அந்த மண்தடம் பிரியும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். தார்ச்சாலையிலேயே நின்று பார்த்தோம். குழி மூடியிருந்தது, அதன்மேல் புதிதாக வெள்ளை பூத்திருந்தது. சூடான்காரருக்காக ஒரு கம்பளம் வாங்கி வந்திருந்தேன், 85 ரியால். ஒட்டகங்களும் இல்லை, பிக்கப்பும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். தம்பியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நம்மைப் பஹ்ரைனுக்கு வரவேற்கிறார்கள்” என்றான். கம்பளம் இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.